பெயரில்லாத மழைக்கு நட்டஈடு இல்லை

இது நீண்ட பதிவு. நோன்பு திறந்து, தராவீஹ் முடித்து, ஆறுதலாக இருந்து வாசியுங்கள். முழுதாக வாசிக்க நேரமில்லாதவர்கள் தயவுசெய்து பின்னூட்டமும் போட வேண்டாம்.

முந்தாநாள் எங்கள் மஹல்லா வட்ஸ்அப் குழுவில் ஒரு சகோதரர் குரல்பதிவு போட்டிருந்தார். நோன்புக் கஞ்சிக்குச் சின்ன வெங்காயம் வாங்கப் போனாராம். விலையைக் கேட்டதும் தலை சுற்றிவிட்டதாம். "தோட்டக்காரர் எல்லாம் சேர்ந்து பதுக்கிறாங்கள். நோன்பு எண்டு தெரிஞ்சுதான் ஏத்துறாங்கள்" என்பது அவருடைய தீர்ப்பு. அதற்குக் கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள். இன்னொருவர், "இந்தியா வெங்காயத்தை இறக்கினால் இவையின்ர கொட்டம் அடங்கும்" என்று எழுதியிருந்தார். அதற்கு இன்னும் அதிகக் கட்டைவிரல்கள்.

நான் அங்கே பதில் எழுதவில்லை. அந்தக் குழுவில் ஜனாஸா அறிவித்தலும் ஸஹர் நேரமும்தான் ஒழுங்காக வாசிக்கப்படும். அதனால் இங்கே எழுதுகிறேன்.

அந்தக் குரல்பதிவு வந்த அன்று பின்னேரம் நான் வலிகாமத்தில் ஒரு வெங்காயத் தோட்டத்தில் நின்றேன். என் வகுப்புப் பிள்ளை ஒன்று நாலு நாளாகப் பாடசாலைக்கு வரவில்லை. காய்ச்சலோ என்று பார்க்கப் போனேன். காய்ச்சல் இல்லை. பிள்ளை தாயோடு குந்தியிருந்து வெங்காயம் தெரிந்துகொண்டிருந்தது. நல்லது ஒரு பக்கம், அழுகியது ஒரு பக்கம். அழுகிய பக்கம்தான் பெரிய குவியல். நாற்றம் ஒழுங்கை முகப்பு வரை வந்தது. அழுகிய வெங்காயத்தின் நாற்றம் தெரியாதவர்கள் அதிர்ஷ்டசாலிகள். கையில் ஒட்டினால் சவர்க்காரம் போட்டும் இரண்டு நாளைக்குப் போகாது.

தகப்பன் நாலு பரப்புக் காணியைக் குத்தகைக்கு எடுத்துச் செய்கிறவர். பயிர் நன்றாகத்தான் வந்திருக்கிறது. பிடுங்கி, பாத்தியிலேயே தாளால் மூடிக் காயவிட்டிருக்கிறார். இரண்டு இரவு மழை. அவ்வளவுதான். வீட்டுக்குள் தண்ணீர் வரவில்லை. வீதியில் வெள்ளம் நிற்கவில்லை. எங்கள் பாடசாலை மைதானத்தில் அடுத்த நாளே பிள்ளைகள் விளையாடினார்கள். அவர் மட்டும் தீர்ந்துபோனார்.

"வெள்ளம் வந்திருந்தாலாவது ஆரும் வந்து பாத்திருப்பினம் சேர். இது வெறும் மழைதானே" என்றார்.

இந்தப் பதிவு முழுவதும் அந்த ஒரு வசனத்தைப் பற்றியதுதான்.

மழையை நாங்கள் மில்லிமீற்றரில் அளக்கிறோம். கமக்காரன் அளப்பது நாளில். கார்த்திகையில் 50 மில்லிமீற்றர் பெய்தால் அது ரஹ்மத். கிணறு ஊறும், குளம் நிறையும், நெல் நிமிரும். அதே 50 மில்லிமீற்றர் மாசிக் கடைசியில் பெய்தால் ஒரு குடும்பத்தின் ஆறு மாதம் போய்விடும். தண்ணீர் ஒன்றுதான். பயிர் எந்த நிலையில் நிற்கிறது என்பதுதான் வித்தியாசம். இதைப் புரிந்துகொள்ளப் பட்டம் தேவையில்லை. ஆனால் எங்கள் நிவாரண முறை, காப்புறுதி முறை, செய்தி போடும் முறை, மூன்றுமே இன்னும் இதைப் புரிந்துகொள்ளவில்லை.

வெங்காயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மாரி மழை ஓய்ந்து, மார்கழிக் கடைசியில் அல்லது தையில் விதை வெங்காயம் ஊன்றுவார்கள். 65, 75 நாளில் பிடுங்கலாம். ஊன்றின முதற் கிழமைகளில் மழை பிடித்தால் குமிழ் மண்ணுக்குள்ளேயே அழுகும். நடுவில் மப்பும் மூடுபனியுமாக நின்றால் தாளில் ஊதாப் புள்ளி விழும், தாள் திருகும். கடைசி நாட்களில் கமக்காரன் வேண்டுமென்றே இறைப்பை நிறுத்துவான். கழுத்துக் காய வேண்டும், அப்போதுதான் வெங்காயம் கட்டித் தூக்க நிற்கும். அவன் நிறுத்திய தண்ணீரை வானம் ஊற்றினால் என்ன ஆகும்? திரும்பவும் வேர் விடும். மேலே பார்த்தால் நல்ல வெங்காயம், கட்டித் தொங்கவிட்டு மூன்றாம் கிழமை உள்ளே சேறு. பிடுங்கிக் கிடக்கும்போது பெய்தால் அதைவிட மோசம். அதைத்தான் நான் கண்ணால் பார்த்தேன்.

இதில் விற்கிற வெங்காயம் மட்டும் போவதில்லை, விதையும் போகிறது. சின்ன வெங்காயத்துக்கு விதை என்பது பெரும்பாலும் அதே வெங்காயம்தான். பங்குனியில் கட்டித் தொங்கவிட்டது வைகாசியில் மண்ணுக்குள் போகும். ஆகவே மாசி மழை இந்தப் போகத்தையும் அடித்து, அடுத்த போகத்தின் வாசலையும் பூட்டிவிட்டுத்தான் போகிறது. அடுத்த நடுகைக்கு அந்தர் கணக்கில் விதை வாங்க வேண்டும். அந்த நேரம் விலை எங்கே நிற்கும் என்று குரல்பதிவு போட்ட சகோதரருக்கே தெரியும்.

இப்போது அவருக்கு ஒரு கேள்வி. விலை ஏறும்போது விற்கச் சரக்கே இல்லாதவன் எப்படிப் பதுக்குவான்? வெங்காயம் ஏறியதற்குக் காரணம் அழுகிய குவியல். அந்தக் குவியலுக்குச் சொந்தக்காரனையே கொள்ளைக்காரன் என்கிறீர்கள். ஏறின விலையில் இலாபம் எடுக்கிறவன், கூரையும் களஞ்சியமும் உள்ளவன். அவனிடம் போய்க் கேளுங்கள். கேட்க மாட்டீர்கள், ஏனென்றால் அவன் எங்களுக்குக் கடன் தருகிறவன்.

வெங்காயம் மட்டும்தான் என்றில்லை. மார்கழியில் நட்ட உருளைக்கிழங்கு மாசியில் கிண்டும் பருவத்துக்கு வரும். குளிரும் மப்பும் ஈரமும் சேர்ந்தால் வெளிறல் நோய் ஒரு கிழமையில் தோட்டத்தையே கருக்கிவிடும். புகையிலை இலையில் பசை பிடிக்கும் நேரம் மழை கழுவிவிட்டால் காரமும் இல்லை, நிறையும் இல்லை. (புகையிலை ஹராமா, மக்ரூஹா என்ற சண்டையை இங்கே தொடங்க வேண்டாம். அதற்கு வேறு பதிவு போடுவேன்.) கறுத்தக்கொழும்பான் பூத்து நிற்கும்போது மழையும் பனியும் மாறி மாறி விழுந்தால் பூக் கருகும். சித்திரையில் "இந்த வருசம் மாம்பழம் இல்லையே" என்று கவலைப்படுவோம், மாசியை மறந்துவிட்டு. நெல்லைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. 2025 ஜனவரியில் வடக்கிலும் கிழக்கிலும் வெட்டுக்கு நின்ற நெல் மழையில் படுத்ததை எல்லோரும் பார்த்தோம். படுத்த வயலில் வெட்டு மிசின் இறங்காது. இறங்கினாலும் கூலி இரட்டிப்பு. வைக்கோலும் அழுகிவிடும், மாட்டுக்கும் இல்லை.

"மழை வாறது இயற்கை, அதுக்கு ஆர் என்ன செய்யிறது" என்று ஒருவர் கட்டாயம் எழுதுவார். எழுதுங்கள். மழையை நிறுத்தச் சொல்லி நான் யாரையும் கேட்கவில்லை. எண்ணச் சொல்லித்தான் கேட்கிறேன்.

எங்கள் பிள்ளைகளுக்குப் புவியியலில் நாங்கள் படிப்பிப்பது என்ன? டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ்ப் பருவக்காற்று. மார்ச், ஏப்ரல் முதலாம் இடைப்பருவக்காற்று. சோதனைக்கு இது சரி. ஆனால் ஒரு அலுவலகத்தின் மேசையிலும் இதே அட்டவணைதான் கிடக்கிறது. ஆகவே பெப்ரவரியில் பெய்தால் அது "பருவமழை", வழமையானது. மார்ச்சில் பெய்தால் அது "இடைப்பருவ மழை", அதுவும் வழமையானது. எந்த மாதம் பெய்தாலும் அதற்கு ஒரு பெட்டி இருக்கிறது. கமக்காரனின் நட்டத்துக்குத்தான் பெட்டி இல்லை. அவன் கணக்கில் தைப்பொங்கலோடு மாரி முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு பனிதான் வர வேண்டும். மாசிப் பனி மூசிப் பெய்யும் என்றுதானே எங்கள் கிழவிகள் சொன்னார்கள், மாசி மழை என்று சொல்லவில்லையே.

இது ஒருமுறை நடந்த விபத்தும் இல்லை. 2022 மார்ச் முதல் வாரத்தில் வங்கக்கடலில் ஆழ்ந்த தாழமுக்கம் உருவாகி எங்கள் கரைக்கு அருகாக வடக்கே போனது. மார்ச்சில் அப்படி ஒன்று அங்கே உருவாவது மிக அரிது. 2023 பெப்ரவரி தொடக்கத்தில் இன்னொன்று கிழக்குக் கரையிலேயே ஏறியது. 2025 ஜனவரியைச் சொல்லிவிட்டேன். அந்த 2022, 2023 தாழமுக்கங்களின் பெயர் யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா? இருக்காது. அவற்றுக்குப் பெயரே வைக்கவில்லை. புயலாக வளராத தாழமுக்கத்துக்குப் பெயர் கிடையாது.

நிஷா, புரெவி, டித்வா என்றால் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். 2008, 2020, 2025 என்று ஆண்டும் சொல்லும். பெயர் வைத்த புயலுக்கு அமைச்சர் வருவார், கமெரா வரும், சமைத்த சாப்பாடு வரும், வெளிநாட்டிலிருந்து காசு வரும். அது வேண்டும், அதை நான் குறை சொல்லவில்லை. டித்வாவின்போது எங்கள் பொடியன்களும் மூட்டை தூக்கினார்கள். ஆனால் வீட்டுக்குள் வந்த தண்ணீரைத்தான் அனர்த்தம் என்று எண்ணுகிறோம். பாத்திக்குள் வந்த தண்ணீரை எண்ணுவதில்லை. முகாமில் இருக்கிறவர்களின் தொகை மாவட்டச் செயலகத்துக்கு மணிக்கு மணி போகிறது. பிடுங்கிய வெங்காயம் எத்தனை பரப்பில் காய்ந்துகொண்டு கிடக்கிறது என்று மழைக்கு முதல் நாள் கேளுங்கள், பதில் சொல்ல ஒருவரும் இல்லை.

காப்புறுதிக்கு வருவோம். அரசாங்கத்தின் இலவசப் பயிர்க் காப்புறுதி என்று வந்தபோது அதில் ஆறு பயிர்கள் இருந்தன: நெல், சோளம், உருளைக்கிழங்கு, சோயா, மிளகாய், பெரிய வெங்காயம். மறுபடி வாசியுங்கள். பெரிய வெங்காயம். தம்புள்ளைப் பக்கம் விளையும் வெங்காயம். யாழ்ப்பாணத்தின் செம்மண்ணுக்கு அடையாளமாக உள்ள சின்ன வெங்காயம் அதில் இல்லை. தம்புள்ளைக் கமக்காரனுக்குக் கிடைப்பதில் எனக்குப் பொறாமை இல்லை, அவனும் எங்களைப் போல ஏழைதான். ஆனால் பட்டியலைத் தயாரித்தவர் ஒரு தடவை சுன்னாகம் சந்தைக்கு வந்து போயிருந்தால் இந்தப் பிழை வந்திராது.

சரி, பட்டியலில் சேர்த்துவிட்டார்கள் என்றே வைப்போம். 2024 நவம்பர் வெள்ளத்துக்குப் பிறகு முழுதாக அழிந்த பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபா வரை என்று சொன்னார்கள். தோட்டக் காணியில் ஏக்கருக்கு 16 பரப்பு. அந்தக் கணக்கில் பரப்புக்கு 2,500 ரூபா. நாலு பரப்புக்காரனுக்குப் பத்தாயிரம். விதை, கூலி, பசளை, மருந்து, இறைப்பு, குத்தகை எல்லாம் சேர்த்து அவர் எனக்குச் சொன்ன கணக்கில் இது ஒரு மூலைக்கும் காணாது. பெரிய நிலத்தில் நெல் விதைக்கிறவனுக்கு என்று தைத்த சட்டையை, நாலு பரப்பில் ஒவ்வொரு குமிழாகக் கையால் ஊன்றுகிறவனுக்கு மாட்டிப் பார்க்கிறார்கள்.

இறைப்பு என்று சொன்னதால் ஒன்று. எங்களுக்கு ஆறு இல்லை. வழுக்கியாறு என்று ஒன்று இருக்கிறது, அது மாரியில் மட்டும் ஆறு. மற்றபடி கிணறுதான். பல தோட்டங்களில் மிசின் மண்ணெண்ணெயில் ஓடுகிறது. 2022 ஓகஸ்டில் அந்த மண்ணெண்ணெய் ஒரே இரவில் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபா ஆனது. அதற்கு முந்திய வருடம் இரசாயனப் பசளையைத் தடைசெய்தார்கள். இரண்டையும் தாங்கி நின்றவர்களை இரண்டு இரவு மழை வீழ்த்துகிறது என்றால் அவர்கள் சோம்பேறிகள் என்றா அர்த்தம்?

வேறு நாடுகளில் என்ன செய்கிறார்கள் என்று தேடினேன். அமெரிக்காவில் விவசாயத் திணைக்களம் பயிர் முன்னேற்ற அறிக்கை என்று ஒன்றை, இளவேனிலில் நடுகை தொடங்கியதிலிருந்து அறுவடை முடியும்வரை, கிழமைக்கு ஒருமுறை திங்கட்கிழமைகளில் வெளியிடுகிறது. எத்தனை வீதம் நட்டாயிற்று, எத்தனை வீதம் முளைத்தது, எத்தனை வீதம் நல்ல நிலை, எத்தனை வீதம் மோசம். எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது ஒரு சின்னத் தகவல்: அந்தக் கிழமையில் வயலில் இறங்கி வேலைசெய்யக் கூடியதாக இருந்த நாட்கள் எத்தனை என்பது. மழை எவ்வளவு என்பதோடு நிற்காமல், அந்த மழையால் எத்தனை நாள் வேலை போனது என்றும் எண்ணுகிறார்கள். அது பணக்கார நாடு என்பீர்கள். எண்ணுவதற்குப் பணம் வேண்டாம். கொப்பியும் பேனையும் போதும்.

இந்தியாவைப் பாருங்கள், அது பணக்கார நாடு இல்லை. 2016இல் தொடங்கிய அவர்களுடைய பிரதமர் பயிர்க் காப்புறுதியில், வெட்டி வயலில் காயவிட்ட பயிருக்கு அறுவடையிலிருந்து 14 நாள் வரை பாதுகாப்பு இருக்கிறது. புயல் மழை மட்டுமல்ல, பருவம் தப்பிய மழைக்கும் சேர்த்து. அந்தத் திட்டத்திலும் ஆயிரம் ஓட்டை உண்டு, காசு பிந்துகிறது என்று அங்கேயுள்ள விவசாயிகளும் கத்துகிறார்கள். ஆனால் "பிடுங்கிக் காய்ந்துகொண்டு கிடக்கும்போது மழை" என்ற அந்த நிலைமைக்குச் சட்டத்தில் ஒரு வசனமாவது இருக்கிறது. எங்கள் பிள்ளையின் தகப்பனுக்கு அந்த ஒரு வசனம் இல்லை. அவர் போய்க் கேட்ட ஓர் அலுவலகத்தில், "பிடுங்கினாப் பிறகு அது பயிர் இல்லையே" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

பிடுங்கிய பிறகு பயிர் இல்லை, சந்தைக்கு வரும் வரை பொருளும் இல்லை. அப்படியானால் அந்த இடையில் அது என்ன?

வானிலை அறிவித்தலும் இப்படித்தான். "வடக்கு மாகாணத்தில் சில இடங்களில் மழை பெய்யலாம்." இதை வைத்து அவன் பிடுங்குவதா, விடுவதா? இன்று வடக்கில் நிறையக் கமக்காரர் உண்மையில் பார்ப்பது யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் புவியியல் துறையின் நாகமுத்து பிரதீபராஜா அவர்களின் முகநூல் பதிவுகளைத்தான். அவருக்கு நன்றி சொல்ல வேண்டும், சொல்கிறேன். ஆனால் ஒரு மாகாணத்தின் விவசாயம் ஒரு விரிவுரையாளரின் தனிப்பட்ட உழைப்பில் தொங்கிக்கொண்டிருப்பது எங்களுக்குப் பெருமையா, வெட்கமா? திருநெல்வேலியில் விவசாய ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. கிளிநொச்சி அறிவியல் நகரில் விவசாய பீடம் இருக்கிறது. ஊருக்கு ஊர் கமநல சேவை நிலையம் இருக்கிறது. பேராதனையிலிருந்து அறிக்கைகளும் வருகின்றனவாம். எனக்குத் தெரிந்த கமக்காரரில் ஒருவர்கூட அப்படி ஒன்றைக் கையில் வைத்திருந்ததை நான் பார்க்கவில்லை. "வியாழன், வெள்ளி மழை. பிடுங்கியவர்கள் புதன் பின்னேரத்துக்குள் கூரைக்குக் கீழே எடுங்கள். பிடுங்காதவர்கள் திங்கள்வரை பொறுங்கள்." இந்த அளவு ஒரு குறுஞ்செய்தி. இதற்குக்கூட இல்லையென்றால் எல்லோர் கையிலும் போன் எதற்கு?

அடுத்து, "கமக்காரன் நஞ்சு அடிக்கிறான், அதால்தான் எல்லாருக்கும் வருத்தம்" என்ற கூட்டத்துக்கு. அடிக்கிறார்கள்தான். நானும் அதை ஆதரிக்கவில்லை. ஆனால் ஏன் அடிக்கிறார்கள்? மப்பு மூடி, காலையில் தாளில் பனி நின்றால் பூஞ்சணம் வரும் என்று அவனுக்குத் தெரியும். எத்தனை நாள் மப்பு நிற்கும் என்று சொல்ல ஆள் இல்லை. ஆகவே பயத்தில் அடிக்கிறான். கழுவிப் பெய்தால் திரும்ப அடிக்கிறான். நல்ல எதிர்வுகூறல் கொடுத்தால் பாதி மருந்து தானாகக் குறையும். மேடையில் இயற்கை விவசாயம் பேசுகிற அண்ணன்மார் இதை ஒருமுறை யோசிக்கட்டும்.

இப்போது என்னைப் பற்றி. போன முறை வெங்காயத்தைப் பற்றி எழுதியபோது ஒருவர் பின்னூட்டத்தில் கேட்டிருந்தார்: "நீங்கள் சோனகர், கடை வைக்கிற ஆக்கள், உங்களுக்குத் தோட்டத்தைப் பற்றி என்ன தெரியும்?" இது எங்களுடைய ஆட்களும் பெருமையாகச் சொல்லிக்கொள்கிற வசனம்தான், அதனால் இரண்டு பக்கத்துக்கும் சேர்த்துப் பதில் சொல்கிறேன்.

1990 ஒக்டோபர் 30இல் சோனகத் தெருவிலிருந்து இரண்டு மணித்தியாலத்தில் நாங்கள் வெளியேற்றப்பட்டபோது எனக்கு எட்டு வயது. அந்தக் கதையை இங்கே விரிக்கவில்லை, எல்லோருக்கும் தெரியும். போய்ச் சேர்ந்த இடம் புத்தளம், கற்பிட்டிப் பக்கம். வாப்பாவுக்குக் கடை இல்லை, முதல் இல்லை. கற்பிட்டி மணலில் வெங்காயமும் மரக்கறியும் விளையும். கிடுகுக் கொட்டிலில் இருந்த எங்களில் நிறையப் பேர் அந்தத் தோட்டங்களுக்குத்தான் கூலிக்குப் போனார்கள். உம்மாவும் போனா. பாடசாலை விட்டதும் நானும் போனேன். வெங்காயத் தாள் அரிந்து, மண் தட்டி, பிடி கட்டப் பழகினது அங்கேதான். மப்பு வந்தால் தோட்டக்காரருக்கு முதல் உம்மாதான் வானத்தைப் பார்ப்பா. ஏனென்றால் மழை பெய்தால் அடுத்த நாள் கூலி இல்லை. தோட்டக்காரருக்கு நட்டம் என்றால் எங்களுக்குப் பட்டினி. ஆகவே எனக்குத் தோட்டத்தைப் பற்றி என்ன தெரியும் என்றால், இது தெரியும்.

திரும்பி யாழ்ப்பாணம் வந்த பிறகும் எங்கள் கஞ்சிக்கு வெங்காயம் போட்டவர்கள் இந்தத் தோட்டக்காரர்கள்தான். எங்கள் கடைகளில் கயிறும் மண்வெட்டியும் வாங்குகிறவர்களும் அவர்கள்தான். அவர்கள் கையில் காசில்லாத பங்குனியில் கஸ்தூரியார் வீதியிலும் காசில்லை. வியாபாரிக்கு இதைக்கூட நான் சொல்லித்தர வேண்டுமா?

சரி, மார்க்கத்தைச் சொல்லிச் சமாளிக்கிறவர்கள். "எல்லாம் அல்லாஹ்வின் நாட்டம் சேர், சபூர் செய்யச் சொல்லுங்கோ" என்று எனக்கே ஒருவர் சொன்னார். நட்டப்பட்டவன் சபூர் செய்வான், அது அவனுடைய ஈமான். வயிறு நிறைந்தவன் அவனைப் பார்த்துச் சபூர் செய் என்று சொல்வது வேறு விடயம். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தானே தவக்குல்? எங்கள் மார்க்கம் பயிரைப் பற்றி எவ்வளவு நுணுக்கமாகப் பேசுகிறது என்று பாருங்கள். மழையில் தானாக விளைந்ததற்குப் பத்தில் ஒன்று ஸகாத். இறைத்துப் பாடுபட்டு விளைவித்ததற்கு இருபதில் ஒன்றுதான். அதுவும் அறுவடை கைக்கு வந்தால்தான். (வெங்காயத்துக்கு ஸகாத் உண்டா என்று ஷாபிஈ மத்ஹபில் கேட்டால் இல்லை என்பார்கள். தெரியும். ஆலிம்கள் கோபிக்க வேண்டாம். நான் எடுத்துக்காட்டுவது அளவுகோலை.) பதினான்கு நூற்றாண்டுக்கு முதலே தண்ணீர் எங்கிருந்து வந்தது, அதற்கு எவ்வளவு வேர்வை போனது என்று கேட்டுவிட்டுத்தான் கணக்குப் போட்டிருக்கிறார்கள்.

எங்கள் சந்தைக் கணக்கு என்ன? "கழிவு." நூறு கிலோ கொண்டுபோனால் பத்துக் கிலோவைக் கழித்துவிட்டு மிச்சத்துக்குக் காசு. மழையில் விளைந்ததா, மண்ணெண்ணெய் ஊற்றி இறைத்ததா என்ற கேள்வி இல்லை. நல்ல வருடமா, அழுகின வருடமா என்ற கேள்வி இல்லை. அல்லாஹ் இருபதில் ஒன்று கேட்ட இடத்தில் தரகன் பத்தில் ஒன்று எடுக்கிறான், அதுவும் ஏழைக்குக் கொடுக்க இல்லை. இதை நிறுத்தச் சொல்லி உத்தரவுகள் வந்தன. வந்த உத்தரவுகளுக்கும் கழிவு போட்டுவிட்டார்கள் போலிருக்கிறது. எங்கள் ஆட்களும் சந்தையில் வாங்குகிறார்கள், விற்கிறார்கள். எங்களில் ஒருவன் தராசில் கை வைத்தாலும் அது எங்கள் எல்லோருக்கும் பதில் சொல்ல வேண்டிய விடயம்.

"இந்தியா வெங்காயத்தை இறக்கு" என்ற சகோதரரை மறந்துவிடவில்லை. 2019 செப்டெம்பரில் இந்தியா வெங்காய ஏற்றுமதியை நிறுத்தியது. 2023 டிசம்பரில் மறுபடி நிறுத்தி 2024 மே மாதம்தான் திறந்தது. அவர்கள் ஊரில் விலை ஏறினால் அவர்கள் கதவைப் பூட்டுவார்கள், அது அவர்களுடைய நியாயம். அந்த மாதங்களில் பெரிய வெங்காயம் இங்கே என்ன விலை விற்றது என்று உங்கள் வீட்டில் கேளுங்கள். 1970களில் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியபோது வெங்காயமும் மிளகாயும் வைத்தே யாழ்ப்பாணத்துக் கமக்காரன் கல்வீடு கட்டினான், பிள்ளைகளைப் பல்கலைக்கழகம் அனுப்பினான். 1977க்குப் பிறகு கதவைத் திறந்துவிட்டதும் அவன் முதுகு முறிந்தது. அதற்குப் பிறகு யுத்தம். இன்று மிச்சமிருக்கிறவர்களையும் இழந்துவிட்டால், அடுத்த முறை இந்தியா கதவைப் பூட்டும்போது கஞ்சிக்கு என்ன போடப்போகிறோம்?

இனி, அதிகாரிகளுக்கு முதல் எங்களுக்கு. எங்கள் பள்ளிவாசல்களில் நோன்பு முப்பது நாளும் கஞ்சி காய்ச்சுகிறோம். வெங்காயம் எவ்வளவு வேண்டும் என்று ரஜப் மாதமே தெரியும். அதைத் தரகரிடம் வாங்காமல் நாலைந்து தோட்டக்காரரிடம் நேரே பேசி, முற்பணம் கொடுத்து, கழிவில்லாமல் வாங்க என்ன தடை? எங்களிடம் மண்டபங்கள் இருக்கின்றன. கோவில்களிடம், சேர்ச்சுகளிடம், சனசமூக நிலையங்களிடமும் இருக்கின்றன. மாசி, பங்குனியில் பாதி நாள் பூட்டித்தான் கிடக்கின்றன. மழை வருகிறது என்று தெரிந்த அன்று, பிடுங்கிய வெங்காயத்தை விரித்துவிட ஒரு கூரை கிடைத்திருந்தால் அந்தப் பிள்ளை நாலு நாள் பாடசாலையைத் தவறவிட்டிராது. நிர்வாக சபையினர் "மண்டபம் நாறும்" என்பார்கள். நாறும்தான். கல்யாண வீட்டுப் புரியாணியும் நாறுகிறது, கழுவி விடுகிறோம்.

அதிகாரிகளிடமும் பாராளுமன்ற உறுப்பினர்களிடமும் நான் கேட்பது பெரிய விடயம் இல்லை. சின்ன வெங்காயம் என்ற இரண்டு சொல்லைக் காப்புறுதிப் பட்டியலில் எழுதுங்கள். நட்டத்தைப் பரப்புக் கணக்கில் பாருங்கள். பிடுங்கிக் காயும் நாட்களையும் பயிர்க்காலமாக எண்ணுங்கள். தை முதல் சித்திரை வரை ஒவ்வொரு கிழமையும் எந்த ஊரில் எந்தப் பயிர் எந்த நிலையில் நிற்கிறது என்று கமநல சேவை நிலைய வாசலில் ஒரு கடதாசி ஒட்டுங்கள். இதைக் கேட்டு ஒரு மனு எழுதியிருக்கிறேன். கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்கிறோம்.

மனுவோடு இணைக்க ஒரு பட்டியல் வேண்டும். தோட்டம் செய்கிறவர்கள், அல்லது பக்கத்து வீட்டில் தோட்டம் செய்கிறவரைத் தெரிந்தவர்கள், கீழே எழுதுங்கள்: எந்த ஊர், என்ன பயிர், எத்தனை பரப்பு, மழை பெய்த அன்று ஊன்றி எத்தனையாம் நாள், பிடுங்கியிருந்ததா இல்லையா. ஆட்களின் பெயரும் தொலைபேசி இலக்கமும் போட வேண்டாம். போன் பாவிக்காத பெரியவர்களிடம் நீங்களே கேட்டு எழுதுங்கள். என் வகுப்புப் பிள்ளைகள் இந்தக் கிழமை கணித பாடத்தில் இதைத்தான் கூட்டப்போகிறார்கள். அந்தப் பிள்ளை திங்கட்கிழமை வருவதாகச் சொன்னது. அதனுடைய நாலு பரப்பை நான் முதலாவதாக எழுதியிருக்கிறேன்.